பதினேழாம் காற்றாடி

ராதாபுரத்துக்குத் தெற்கே நாற்பத்தோரு காற்றாடி.
ஒவ்வொன்றின் காலடியிலும் ஐம்பது மீட்டர் வட்டம் நடந்து
விழுந்து கிடப்பதை எண்ண வேண்டும்.
அதற்குத்தான் சம்பளம், விசா, விமானச் சீட்டு.
படிவம் கேட்பது கொஞ்சம்:
என்ன பறவை, எந்தத் திசை, எத்தனை மீட்டர்.
படம் யாரும் கேட்கவில்லை.
பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று
வரைய ஆரம்பித்தேன்.

போன பங்குனியில் கஜகஸ்தான்.
தூரிகைத் தண்ணீர் தாளிலேயே உறைந்து
ஒரு வானம்பாடியின் வயிற்றில் பனிப்பூ விட்டது.
அழிக்கவில்லை.
ஐப்பசியில் மொராக்கோ.
கை தவறித் தேநீரில் முக்கிய தூரிகை
ஒரு வல்லூறுக்கு அதன் பழுப்பைக் கொடுத்தது.
பிறகு எத்தனை தேநீர் வாங்கியும்
அந்தப் பழுப்பு வரவேயில்லை.

இங்கே ஆனி.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்த காற்று
குடைவேல மரங்களை ஒரே பக்கமாக வாரிவிட்டு
என் தாளுக்கு வருகிறது.
நாலு மூலைக்கு நாலு கல்.
கல்லும் நகர்கிறது.
தொட்ட மாத்திரத்தில் சாயம் காய்ந்துவிடுவதால்
பக்கத்துப் பக்கத்து நிறங்கள்
முகம் பார்த்துக்கொள்வதோடு சரி.
செம்மண் வேறு தானாக வந்து உட்கார்கிறது,
நான் கலக்காத சிவப்பு.
போர் தண்ணீர் உப்பு.
ராத்திரி விடுதியில் எடுத்துப் பார்த்தால்
நீலத்தின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும்.
எட்டு வருடமாக அதே தகரப் பெட்டி, அதே பன்னிரண்டு வில்லை.
ஊருக்கு ஊர் தண்ணீர்தான் அதை
வேறு பெட்டி ஆக்குகிறது.

பதினேழின் அடியில் ஒரு பஞ்சுருட்டான்.
பச்சை கெடவில்லை, கண்ணை எறும்பு எடுத்திருந்தது.
வடமேற்கு, பதினொரு மீட்டர்.
வாலின் நடுவே நீண்ட இரண்டு கம்பிகளை
மூச்சைப் பிடித்து இழுத்து முடிக்கையில்
பின்னால் பலவேசம்.
இரவுக் காவலர், என் வயதுதான் இருக்கும்.
சீருடைச் சட்டை, கீழே கைலி.

“செத்ததத்தான் வரைவியளா மேடம்?”
“அதுதான் அசையாம இருக்கு” என்றேன்.
சிரிக்கவில்லை அவர்.
கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு
“நான் ஒண்ணு சொல்லணும்” என்றார்.
“விடியறதுக்கு முன்ன விழுறத
நான் புதைச்சிருதேன்.
நாயி இழுத்துட்டுப் போகும்லா.
பாக்க ஒரு மாதிரியா இருக்கும்.”
எத்தனை?
“எண்ணலியே.”

மூன்று வாரக் கணக்கு.
மேலே விசிறி சுற்றியபடி இருந்தது,
எங்கள் மேல் நிழல், வெயில், நிழல், வெயில்.
கோபம் வந்ததா என்று தேடிப் பார்த்தேன்.
பென்சில்தான் கையில் இருந்தது.

நேற்று விழுந்தது எப்படி இருந்தது என்று கேட்டேன்.
“கொக்கு மாதிரி. ஆனா கொக்கு இல்ல.”
வரைந்தேன்.
“கழுத்து இன்னும் நீளம்... அவ்வளவு இல்ல.
மூக்கு வளையாது மேடம், நேரா.”
அழித்தேன்.
“கால் என்ன நிறம்?”
டார்ச் வெளிச்சத்தில் பார்த்த நிறத்துக்கு
அவரிடம் சொல் இல்லை.
சுற்றிலும் தேடி
குடைவேல முள்ளின் அடியில் வெளுத்த ஓர் இடத்தைத்
தொட்டுக் காட்டினார்.
எந்த நாட்டிலும் என் படத்தை
இப்படி யாரும் திருத்தியதில்லை.

“இதேதான்” என்றார் கடைசியில்.
என் கைப்பையில் இருக்கும் மூன்று கையேடுகளிலும்
இப்படி ஒரு பறவை கிடையாது.
பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
எத்தனை மீட்டர் என்றதற்கு
“இங்கன” என்று
காலால் மண்ணைத் தொட்டார்.

வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம்.
இருமல் மருந்துச் சீசா ஒன்றைக் கழுவி
போர் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன்,
மீதியையும் இதே உப்பில் வரைந்து முடிக்க.
வால் மட்டும் பாக்கி.
அதை நாய் கொண்டுபோயிருந்தது.